பதினாலாவது கேள்வி

உள்ள வா கண்ணு. செருப்பை வெளிய வுடாத, உள்ளயே கழட்டு. திருட்டு பயம்லாம் இல்ல, இந்த மாடியில ஒரு நாய் சுத்துது, ஒத்தச் செருப்பாப் பாத்துத் தூக்கிக்கினு போயிடும். ஏழு மாடி ஏறி வந்திருக்க, மூச்சு எப்புடி வாங்குது பாரு. லிப்டு ஓடுதா ஓடலையான்னு உன் தாள்ல ஒரு கேள்வி இருக்குமே? ஓடலன்னு போடு. ஓடுற அன்னைக்கும் ஓடலன்னுதான் போடணும். நடுவுல நின்னுச்சுன்னா, கதவு தொறக்கறதுக்குள்ள உள்ள மாட்டினவங்க எல்லாம் சொந்தக்காரங்க ஆயிடுவாங்க.

உக்காரு. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு காலு ஆடும். பாயில உக்காரு. தண்ணி குடி. கேன் தண்ணிதான், பயப்படாம குடி.

எந்தக் காலேஜு? சமூகப்பணிக்கு ஒரு படிப்பா? சரி சரி. எங்க பேரு எழுதுவியா? எழுத மாட்டியா, வெறும் வீட்டு நம்பரு மட்டுமா? அதுவும் நல்லதுதான். பேரு இல்லன்னா மனுஷி கொஞ்சம் நெஜம் பேசுவா. என் பேரு செங்கமலம். நீ எழுத வேணாம், சும்மா தெரிஞ்சுக்கோ. எல்லாரும் கமலம்னுதான் கூப்புடுவாங்க.

கேளு, ஒண்ணொண்ணா கேளு. அடுப்புல ஒண்ணுமில்ல.

எட்டு வருஷம் ஆவுது இங்க வந்து. அதுக்கு முன்னாடி ஆத்தங்கரை. சிட்டிக்குள்ளயே, பாலத்துக்குக் கீழ. வெள்ளம் வந்துச்சு, வடிஞ்சுச்சு, அடுத்த வாரமே லாரி வந்துச்சு. கட்டிலு, கிரைண்டரு, சாமி படம், எங்கூட்டுக்காரரு, நானு, எம்பொண்ணு எல்லாத்தையும் ஒண்ணா ஏத்தி இங்க எறக்கிட்டாங்க. எங்கூட்டுக்காரரு மார்க்கெட்டுல மூட்டை தூக்குறாரு. நான் ரெண்டு வீட்டுல சமைக்கிறேன். பழைய ஏரியாவுலதான். ரெண்டு பஸ்ஸு மாறிப் போவணும். பொண்ணு யமுனா, ஒரே பொண்ணு, கட்டிக் குடுத்தாச்சு. இப்ப ரெண்டு பேருதான் வீட்டுல. எழுதிக்கினியா?

பதினொண்ணு இன்னா? அக்கம்பக்கத்துல நல்லது கெட்டதுக்கு ஒருத்தர ஒருத்தர் கூப்புடுவோமான்னா? கூப்புடுவோம். ஆமான்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போ.

இந்தா, போனை அப்படிப் பாய் மேல போட்டு வெக்காத. இங்க பரவால்ல, இது நல்ல பிளாக்கு. அந்தக் கடைசி பிளாக்குக்குப் போறப்ப பைக்குள்ள போட்டுக்கோ. அவங்க வேற ஆத்தங்கரை ஜனம் கண்ணு. நாங்க வேற, அவங்க வேற. இந்த நகருக்குக் கெட்ட பேரு வந்ததே அவங்களாலதான். எனக்கு நேரா ஒண்ணும் பண்ணதில்ல. அங்க நான் போனதும் இல்ல. எல்லாரும் சொல்றாங்க.

பதினாலு, படி. மெல்லப் படி. இந்தக் குடியிருப்பில் வசிப்பதைக் காரணமாக வைத்து யாராவது உங்களைத் தாழ்வாக நடத்தியது உண்டா. உண்டு எனில் யார். அதுக்குக் கீழ இன்னா பட்டியலு? வேலை தருபவர், ஆட்டோ ஓட்டுநர், பள்ளி, காவலர், கடைக்காரர், மற்றவர். நல்லாத்தான் யோசிச்சு எழுதியிருக்காங்க. எல்லாத்துக்கும் டிக்கு போடு.

சும்மா போடக் கூடாதா? ஒரு சம்பவம் சொல்லணுமா? ஒண்ணு இன்னா, ஒம்போது சொல்றேன். ஆட்டோக்காரன் மெயின் ரோட்டுலயே எறக்கி வுட்டுடுவான். உள்ள வந்தா வண்டியில டயரு இருக்காதாம். அவன் மச்சானே இங்கதான் மூணாவது பிளாக்குல இருக்கான், அது வேற விஷயம். நான் சமைக்கிற வீட்டம்மா தங்கமானவங்க, ஒரு கொறையும் சொல்ல முடியாது. பீரோ சாவி எப்பவும் டிவி மேலதான் கெடக்கும். நான் ஆத்தங்கரையில இருந்து ஹவுசிங் போர்டு வீட்டுக்கு வந்துட்டேன்னு சொன்னேன். செவுரு வெச்ச வீடும்மா, கக்கூஸு உள்ளயே இருக்குன்னு சந்தோஷமாத்தான் சொன்னேன். மறு வாரம் பாக்குறேன், சாவி அவங்க இடுப்புக்கு ஏறிடுச்சு. குடிசையில இருந்தப்ப நல்லவளா இருந்தேன், மாடிக்கு வந்ததும் திருடி ஆயிட்டேன். இதை எழுதிக்கோ.

அப்பால, கதவைக் கொஞ்சம் சாத்திக்கிறேன் இரு. நேரா தெரியுதுல்ல, நீலக் கதவு, அந்த எதிர்வீட்டுக்கு இன்னைக்குப் போகாத. பூஷணம் அக்கா வீடு. அவங்களுக்கு ஒடம்பு சரியில்ல. இல்ல, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. சும்மா போகாதன்னு சொல்றேன். இந்தக் கேள்வியை அவங்ககிட்ட கேக்காத. கேட்டாலும் பதினாலை வுட்டுட்டுக் கேளு.

ஏன்னு கேக்குறியா? நீ ஆட்டோக்காரனை எழுது முதல்ல.

சரி, சொல்றேன். சொன்னாத்தான் நீ போக மாட்ட.

நாங்க இங்க வந்தப்ப யமுனா எட்டாவது. எனக்கு வேலை சிட்டியில. விடிகாலை கெளம்பினா பொழுது சாயுறப்பதான் வருவேன். வயசுக்கு வர்ற பொண்ணை ஊரு பேரு தெரியாத எடத்துல யாரை நம்பி வுட்டுட்டுப் போறது? மூணாம் நாளு அந்தக் கதவு தொறந்துச்சு. பூஷணம் அக்கா. அவங்களும் எங்களாட்டம் லாரியில வந்தவங்கதான், வேற பாலம். கொரலு மட்டும் எட்டூருக்குக் கேக்கும். 'தே கமலம், கொழந்தையை இங்க வுட்டுட்டுப் போ, நான் இன்னா முழுங்கிடவா போறேன்'ன்னாங்க. அன்னையில இருந்து ஜடை பின்னி வுட்டது அவங்க, சோறு போட்டது அவங்க, பள்ளிக்கூடத்துல கையெழுத்து போட்டதுகூட அவங்கதான். யமுனா பெரிய மனுஷி ஆனப்ப நான் யாரோ வீட்டுல சப்பாத்தி தேச்சுக்கினு இருக்கேன். நான் வந்து சேர்றதுக்குள்ள தண்ணி ஊத்தி, உளுந்தங்களி கிண்டிக் குடுத்து, எம்பொண்ணை மடியில படுக்க வெச்சிருந்தாங்க. அவ அவங்களைப் பெரியம்மான்னுதான் கூப்புடுவா. என்னை அம்மான்னு கூப்புடறப்ப ஒரு சலிப்பு இருக்கும், பெரியம்மான்னா ஒரு கொஞ்சல். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான், மறைக்க மாட்டேன்.

யமுனா படிச்சு, கண்ணாடிக் கடையில வேலைக்குப் போனா. மூக்குக் கண்ணாடிக்கு அளவெடுக்குற வேலை. மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சோம். முதல்ல செங்கல்பட்டுப் பக்கத்துல இருந்து வந்தாங்க. ஆட்டோக்காரன் வழியிலயே 'பையைக் கெட்டியா புடிச்சுக்கங்க'ன்னு சொல்லியிருக்கான். பையனோட அம்மா ஏழு மாடி ஏறி வந்து, அந்தா அந்த நெலப்படியில நின்னு, பையை நெஞ்சோட அணைச்சுக்கினு வீட்டைப் பாத்தாங்க. காப்பி ஆறிப் போச்சு. நல்ல நேரம் முடியுதுன்னு கெளம்பிட்டாங்க. நல்ல நேரம் முடிய இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருந்துச்சு, காலண்டரு அவங்க தலைக்கு மேலதான் தொங்குது.

ரெண்டாவது கூட்டம் மேலயே வரல. நகரு வாசல்ல பேரு போட்ட ஒரு வளைவு இருக்குல்ல, அதைப் பாத்ததும் வண்டியைத் திருப்பிட்டாங்க. தரகருதான் போன் பண்ணாரு. 'போர்டு வீடுன்னு முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா, என் மரியாதையும் போச்சு'ன்னாரு. யமுனா தலை நெறைய பூ வெச்சுக்கினு உக்காந்திருக்கா. பூவை எடுத்தா, எதிர்வீட்டுக்குப் போனா, அதைப் பூஷணம் அக்கா தலையில வெச்சு வுட்டுட்டு வந்து சோறு தின்னா.

அதனாலதான் கண்ணு. அதனாலதான் மூணாவது தபா நான் முடிவு பண்ணேன். என் தம்பி நங்கநல்லூர்ல வாடகைக்கு இருக்கான். கீழ் போர்ஷன், வாசல்ல கேட்டு, கேட்டுல செம்பருத்தி. அங்க வெச்சுப் பொண்ணைக் காட்டினேன். எங்க வீடுன்னே சொன்னேன். பத்திரிகையிலயும் அந்த விலாசம்தான் போட்டேன். பொய்தான். நான் இன்னா ஊரைக் கொள்ளையடிச்சேனா? எங்களை மாதிரி இருக்கிற பாதிப் பேரு பண்றதுதான். வேலைக்கு எழுதிப் போடறப்ப ஒரு விலாசம், பொண்ணு குடுக்குறப்ப ஒரு விலாசம், ரேஷனுக்கு மட்டும் இந்த விலாசம்.

பூஷணம் அக்காகிட்ட சொன்னேன். 'புள்ள வாழ்ந்தா போதும், எந்த வீட்டுல பாத்தா இன்னா'ன்னாங்க. எனக்கு ஒழுங்கா ஒரு பட்டு கெடயாது. அவங்க மருமவ எடுத்துக் குடுத்த கடுகு கலர் பட்டு, ஒரு தபாகூட கட்டாதது, மடிப்பு கலையாம எடுத்துக் குடுத்தாங்க. 'கேசரி யாரு பண்றது, உன் தம்பி பொண்டாட்டியா? அவ பண்ணா பையன் வந்த வழியே ஓடிடுவான், நானே வர்றேன்'ன்னு கூடவே கெளம்பிட்டாங்க. நான் வேணாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல. அவங்க கேசரி மாதிரி யாராலயும் பண்ண முடியாது, அது உண்மை.

பையன் பேரு லோகேஷு. கொரியர் ஆபீஸுல சூப்பர்வைசரு. தாம்பரம் பக்கம் சொந்த வீடு. அவங்க அம்மா சிரிச்ச மொகம், நல்ல மாதிரி. இப்பவும் சொல்றேன், என் சம்பந்தியம்மா மோசமானவங்க இல்ல. வந்து உக்காந்தாங்க, கேசரி தின்னாங்க, ரெண்டாவது தபா கேட்டு வாங்கித் தின்னாங்க. 'யாரு பண்ணது, கைப்பக்குவம் இப்படி இருக்கே'ன்னு எழுந்து சமையக்கட்டுக்கே வந்துட்டாங்க. நானும் பின்னாடியே ஓடினேன்.

பூஷணம் அக்கா அடுப்பு முன்னாடி நின்னுக்கினு இருக்காங்க. நூல் சேலை, வேர்வை, முந்தானையை இடுப்புல சொருகியிருக்காங்க. அவங்க பட்டு என் ஒடம்புல இருக்கு. சம்பந்தியம்மா 'நீங்க யாரும்மா'ன்னு கேட்டாங்க. அக்காவுக்கு மொகமெல்லாம் பல்லு. 'நான் யமுனாவுக்குப் பெரியம்மா மாதிரிங்க, எதிர்...'

எதிர்வீடுன்னு சொல்ல வந்தாங்க. நங்கநல்லூர்ல எதிர்வீடு ஒரு ஆடிட்டரு ஆபீஸு. வாசல்லயே போர்டு தொங்குது, சம்பந்தியம்மா அதைப் பாத்துட்டுத்தான் உள்ள வந்திருக்காங்க. நான் குறுக்க வுழுந்தேன். 'சமையலுக்கு வந்தவங்கம்மா. ஆள் சொல்லியிருந்தோம்'ன்னேன்.

அக்கா என்னைப் பாத்தாங்க. ஒரே ஒரு பார்வை. அப்பால கையை முந்தானையில தொடச்சுக்கினு, 'ஆமாம்மா'ன்னாங்க. அந்தக் கொரலு, எட்டூருக்குக் கேக்குற கொரலு, எனக்கே கேக்கல.

அதோட வுட்டிருந்தாக்கூடப் பரவால்ல. ஹாலுக்கு வந்து உக்காந்தோம். அக்கா டம்ளரு எல்லாம் எடுக்க வந்தாங்க. சம்பந்தியம்மாவே, 'இந்தத் தட்டையும் எடுத்துக்கம்மா'ன்னு நீட்டினாங்க. எடுத்துக்கினாங்க. அதே நேரத்துல யமுனா காப்பித் தட்டோட உள்ள இருந்து வர்றா. பெரியம்மா எச்சி டம்ளரு பொறுக்கறதைப் பாத்தா. தட்டு கடகடன்னு ஆடுது. அக்கா கண்ணாலயே 'பேசாதே'ன்னு சாடை காட்டினாங்க. சம்பந்தியம்மா சிரிச்சாங்க, 'பொண்ணுக்கு வெக்கம் பாருங்க, கை நடுங்குது'ன்னு.

அப்பால அவங்க கொரலைத் தாழ்த்திக்கினு என்கிட்ட கேட்டாங்க. தாழ்த்தினாலும் சமையக்கட்டு இதோ, ரெண்டு எட்டுதான். 'அந்த அம்மா எந்த ஏரியா? பாத்து வெச்சுக்கங்க. இப்ப அந்த போர்டு ஆளுங்கதான் எல்லா வீட்டுக்கும் வேலைக்கு வர்றாங்க. எங்க தெருவுல ஒரு வீட்டுல குத்துவெளக்கையே காணோம்'ன்னாங்க. இதை இந்த நகரு பேரைச் சொல்லித்தான் சொன்னாங்க.

நான் சும்மா இருந்திருக்கலாம். தலையாட்டிட்டுப் பேச்சை மாத்தியிருக்கலாம். கத்தியை வெச்சா கேட்டாங்க? நான் சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன். 'ஆமாங்க, அங்க இருந்துதான் வர்றாங்க. அந்த ஜனமே அப்படித்தான். நாங்க கண்ணுல வெளக்கெண்ணெ ஊத்திக்கினு பாத்துக்கினு இருப்போம். போறப்ப பையைப் பாத்துட்டுத்தான் அனுப்புவோம்'ன்னேன்.

பையைப் பாப்போம்னு சொன்னேன் கண்ணு. அந்தப் பையில அவங்க எடுத்துக்கினு வந்தது முந்திரிப் பருப்பும் நெய் டப்பாவும். எம்பொண்ணு நல்ல காரியத்துக்கு அவங்க வீட்டு நெய்யி.

சமையக்கட்டுல தண்ணி ஓடுற சத்தம் கேட்டுக்கினு இருந்துச்சு. நின்னு போச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஓடுச்சு. அந்தக் கொஞ்ச நேரம்தான், வேற ஒண்ணுமில்ல. ஒரு அரை நிமிஷம் இருக்குமா? எனக்கு அது இன்னும் முடியல.

எல்லாரும் போன அப்பால ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பஸ்ஸுல வந்தோம். பக்கத்துப் பக்கத்துல உக்காந்து. நான் அவங்க பட்டைக் கட்டிக்கினு ஜன்னலோரம். திட்டுவாங்கன்னு பாத்தேன். திட்டியிருந்தா பஸ்ஸுன்னுகூடப் பாக்காம காலைப் புடிச்சிருப்பேன். திட்டல. பாதி வழியில ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. 'கேசரியில சக்கரை சரியா இருந்துச்சா கமலம்?'

'சரியா இருந்துச்சுக்கா'ன்னேன்.

அவ்ளோதான் பேச்சு. பட்டைத் தொவைச்சு இஸ்திரி போட்டுத் திருப்பிக் குடுத்தேன். வாங்கி வெச்சுக்கினாங்க. இப்பவும் பாத்தா 'சாப்ட்டியா'ன்னு கேப்பாங்க. ஆனா முன்னெல்லாம் தட்டாம வருவாங்க, என் அடுப்புல இருக்கிற கொழம்பை எடுத்து நக்கிப் பாத்து உப்பு பத்தலன்னு சொல்லிட்டுப் போவாங்க. இப்ப வர்றதில்ல.

கல்யாணத்துக்குக் கூப்புடல. எப்புடிக் கூப்புடறது? சம்பந்தியம்மாவுக்கு மொகம் தெரியும், எந்த ஏரியான்னும் தெரியும், நானே சொல்லியிருக்கேன். அவங்களைக் கூப்புடலன்னா வேற யாரையும் கூப்புட முடியாது. இந்த பிளாக்குலயே யாரையும் கூப்புடல. ஏழு வருஷம் கூட இருந்த ஜனம், ஒருத்தரைக்கூட கூப்புடாம எம்பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணேன். முந்தின நாளு பொட்டியைத் தூக்கிக்கினு நாங்க மூணு பேரும் வெளிய வர்றோம். அக்கா கொடத்தோட அங்க நிக்கறாங்க. யமுனா கை நெறைய மருதாணி. மறைக்க முடியுமா? அவங்க அந்தக் கையைப் பாத்துக்கினே, 'ஊருக்கா கமலம்?'ன்னு கேட்டாங்க.

'ஆமாக்கா, ஊருக்கு'ன்னேன்.

எனக்கு ஊரே கெடயாது. நான் பொறந்ததே பாலத்துக்குக் கீழ, அது அவங்களுக்குத் தெரியும். நான் பொய்க்குத் தடுமாறக் கூடாதுன்னு அவங்களே ஒரு பொய்யை எடுத்துக் கையில குடுத்தாங்க. நான் வாங்கிக்கினு போயிட்டேன்.

மண்டபத்துல யமுனா என்கிட்ட பேசவே இல்ல. ஆரத்தி எடுக்கறப்ப தம்பி பொண்டாட்டி தட்டைத் தூக்கிக்கினு வந்தா. யமுனா அவ தோளுக்குப் பின்னாடி யாரையோ தேடினா. யாரைன்னு எனக்குத் தெரியும். பத்து போட்டோவுல எட்டு போட்டோ, அவ கண்ணு கேமராவுல இருக்காது.

இன்னும் ஒண்ணு கேளு, வயிறு எரியும். கல்யாணம் ஆகி ஒரு மாசம் கழிச்சு சொல்றா. மாப்பிள்ளைக்கு முன்னாடியே தெரியுமாம். பொண்ணு பாக்க வர்றதுக்கு ரெண்டு நாளைக்கு முன்ன போன்ல இவளே சொல்லிட்டாளாம், நாங்க போர்டு வீடுன்னு. 'இருக்கட்டுமே, நான் கொரியரு ஆளு, அந்த நகர்ல எந்தப் படிக்கட்டுல வெளக்கு எரியாதுன்னுகூட எனக்குத் தெரியும்'ன்னாராம். ஏண்டி பாவி, என்கிட்ட சொல்லலன்னு கேட்டேன். 'சொல்லத்தாம்மா வந்தேன், நீ பட்டுக்கு ரவிக்கை சேரலன்னு கத்திக்கினு இருந்த'ன்னா. சம்பந்தியம்மாவுக்கு இன்னும் தெரியாது. ஆனா கட்டிக்கப் போறவருக்கே தெரிஞ்சிருந்துச்சு. அப்ப நான் யாருக்காகச் சொன்னேன் அதை? யாரைக் காப்பாத்த?

இப்ப யமுனா ஏழு மாசம். வர்ற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. மாப்பிள்ளை வீட்டுலதான். போன வாரம் போன் பண்ணா. 'முதல் வளையல் பெரியம்மாதான் போடணும். அவங்க யாரு, எங்க இருக்காங்க, நாம எங்க இருக்கோம், எல்லாத்தையும் நீயே எங்க அத்தைகிட்ட சொல்லணும். அன்னைக்குச் சொன்னியே, அதே மாதிரி எல்லாரும் இருக்கறப்ப சொல்லணும். முடியாதுன்னா வளைகாப்பே வேணாம், நான் உக்கார மாட்டேன்'ன்னுட்டா. புள்ளத்தாச்சிப் பொண்ணு, சும்மா மெரட்டறதுக்குச் சொல்றவ இல்ல அவ.

சம்பந்தியம்மாகிட்ட சொல்லிடுவேன். அது பயம்தான், ஆனா சொல்லிடுவேன். திட்டுனா திட்டட்டும், குத்துவெளக்கு எங்கன்னு கேட்டா கேக்கட்டும். முதல்ல இந்தக் கதவைத் தாண்டணுமே. எண்ணி ஆறு எட்டு. ஆறு நாளா தாம்பாளத்துல வெத்தல பாக்கு குங்குமம் வெச்சுக்கினு உக்காந்திருக்கேன். அதோ பிரிட்ஜு மேல. வெத்தல வாடிப் போயி ரெண்டு தபா மாத்தியாச்சு. எடுத்துக்கினு வாசலு வரைக்கும் போவேன், திரும்பிடுவேன். இன்னான்னு ஆரம்பிக்கிறது? அக்கா, அன்னைக்கு உன்னைத் திருடின்னு சொன்னேன், வர்ற வெள்ளிக்கெழமை வந்து வளையல் போடுன்னா?

அதுக்குத்தான் நீ வந்ததும் திக்குன்னு ஆயிடுச்சு. நீ போயி இந்தப் பதினாலாவது கேள்வியைக் கேட்டா அவங்க இன்னா சொல்லுவாங்க? யார் உங்களைத் தாழ்வா நடத்தினதுன்னு கேட்டா, கையை இப்படி நீட்டி என் வீட்டைக் காட்டுவாங்க. காட்டணும். ஆனா அது ஒரு தாள்ல எழுதி, காலேஜுக்குப் போயி, நாலு பேரு படிச்சு... அதான் போகாதன்னு சொன்னேன்.

இன்னா அப்படிப் பாக்குற?

காலையிலயே போயிட்டு வந்துட்டியா? நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தப்பவா? அட பாவி. இவ்ளோ நேரம் நான் போகாத போகாதன்னு சொல்லிக்கினு இருக்கேன், நீயும் கேட்டுக்கினே உக்காந்திருக்க. சரி. தப்பு உன் மேல இல்ல. இன்னா சொன்னாங்க? சொல்லக் கூடாதா? உங்க சட்டமா அது? நல்ல சட்டம்தான். ஆனா நீ எதையோ முழுங்குற கண்ணு. என் மொகத்தையும் அந்தக் கதவையும் மாத்தி மாத்திப் பாக்குற. கல்யாணத்துக்கு யாரையும் கூப்புடலன்னு நான் சொன்னதுல இருந்தே உன் மூஞ்சி சரியில்ல.

இன்னா? ஆரத்தியா?

திருப்பிச் சொல்லு.

பதினொண்ணாவது கேள்விக்கா? நல்லது கெட்டதுக்குக் கூப்புடுவாங்களான்னு கேட்டதுக்கா? 'கூப்புடாம இருப்பாங்களா? எதிர்வீட்டு யமுனா கல்யாணத்துக்கு பிளாக்கே போனோம், நான்தான் ஆரத்தி எடுத்தேன், பொண்ணு அரக்குப் பட்டுல மகாலட்சுமி மாதிரி இருந்தா'... இப்படியேவா சொன்னாங்க? சிரிச்சுக்கினா சொன்னாங்க?

அரக்குதான். முகூர்த்தப் புடவை அரக்குதான். யமுனா போட்டோ அனுப்பியிருப்பா.

பதினாலுக்கு? அதை மட்டும் சொல்லு, வேற கேக்க மாட்டேன். யாருமில்லன்னு சொன்னாங்களா? ஆட்டோக்காரனைக்கூடச் சொல்லலையா? யாருமே இல்லன்னா?

இரு. ஒரு நிமிஷம் இரு. இல்ல, தண்ணி வேணாம்.

அவங்க பொய் சொல்ற ஆளு இல்ல கண்ணு. உப்பு பத்தலன்னா பத்தலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற பொம்பள. எதுக்குச் சொன்னாங்க தெரியுதா? எனக்காக இல்ல. நான் அவ்ளோ பெரிய ஆளு இல்ல. நீ வெளியூருப் பொண்ணு, கையில தாளு வெச்சிருக்க, இங்க இருக்கிறவங்க ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருத்தர கூப்புடாத ஜனம்னு எழுதிடுவியேன்னு சொல்லியிருக்காங்க. ஏற்கெனவே எழுதறதுக்கு எவ்ளவோ இருக்கு, இதையும் சேத்து எழுத வேணாம்னு. இந்த எடத்தோட பேரை நான் ஒரு கேசரித் தட்டுக்கு முன்னாடி வித்துட்டு வந்தேன். அவங்க அதைக் காப்பாத்த, போகாத கல்யாணத்துல ஆரத்தி எடுத்திருக்காங்க.

அந்தத் தாளை எடு. என் தாளு இல்ல, அவங்களுது. பதினாலுல யாருமில்லன்னு இருக்குல்ல, அதை அடி. மற்றவர்னு இருக்கிற எடத்துல எழுது. எதிர்வீடு, செங்கமலம். பேரு போடக் கூடாதுன்னா எதிர்வீடுன்னு மட்டும் போடு, போதும்.

மாத்தக் கூடாதா? ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் மாத்த முடியாதா? அவங்களே சொன்னாத்தான் ஆவுமா?

நியாயந்தான். அப்ப எழுந்திரு. அந்தத் தாம்பாளத்தை எடு, உக்காந்த எடத்துல இருந்து எனக்குக் கை எட்டாது. வெத்தல வாடியிருந்தா இருக்கட்டும், இப்ப மாத்தப் போனா நான் மறுபடியும் உக்காந்துடுவேன். குடு இப்படி. நீ தாளையும் பேனாவையும் எடுத்துக்கினு என் பின்னாடியே வா. நான் இன்னா பண்ணேன்னு அவங்க வாயாலயே சொல்லட்டும், சொல்லச் சொல்லிக் காலைப் புடிக்கிறேன். நீ முன்னாடி போவாத கண்ணு. தள்ளு. அந்தக் கதவை நான்தான் தட்டணும்.